ஒசிந்தநாயகியின் இடுப்பு

திருவெண்தாழை ஒசிந்தநாயகி கோயிலில் ஒரு யானையும் நான்கு பசுக்களும் ஒரு குழந்தையும் இருந்த காலம் ஒன்று உண்டு. ஆனி வெயிலில் தொடங்கி ஆவணி மழையில் முடிந்துபோன சின்னக் காலம்தான் என்றாலும், வெண்ணாற்றங்கரையிலுள்ள அந்த ஊரில் இன்றைக்கும் கல்யாணம் நடந்தாலும் கறவை மாடு வாங்கினாலும் அதைப் 'பாப்பா இருந்தப்போ' என்றும் 'பாப்பா போனப்புறம்' என்றும் பிரித்துத்தான் சொல்கிறார்கள், எந்தப் பாப்பா என்று கேட்பவரை வெளியூர்க்காரர் என்று கண்டுகொண்டு உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுக்கிறார்கள்.

முதலில் நாயகியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் வந்ததெல்லாம் அவள் நிற்கிற நிலையால் வந்தது. ஆயிரம் வருஷத்துக் கருங்கல்லில், ஆள் உயரத்துக்கு ஒரு சாண் கூடுதலாக, கொடி வளைந்தாற்போல் உடம்பை ஒசித்து, இடது இடுப்பை வெளியே தள்ளி, இடது கையை அந்த இடுப்பைச் சுற்றி அணைவாக வளைத்து, பிள்ளையை இடுக்கிக்கொண்டு தெருவில் நின்று பேசுகிற எந்தத் தாயும் நிற்பது போலவே நிற்கிறாள், பிள்ளையைத்தான் காணோம். உடைந்துபோயிருக்கும் என்று தடவிப் பார்த்தால் உடைந்த தழும்பு இல்லை, செதுக்கவே இல்லை. செதுக்குவதற்குள் சிற்பியைப் படைக்குக் கூட்டிப்போய்விட்டார்கள் என்று ஒரு கட்சி, பிள்ளை இருக்கிறது, நம் கண்ணுக்குத்தான் தெரியவில்லை என்று ஒரு கட்சி, அதெல்லாம் இல்லை, அவள் பிள்ளைக்குக் காத்திருக்கிறாள் என்பது கோபுர வாசலில் பூ விற்கிற பவுனம்மாவின் கட்சி. காத்திருக்கிறவளை வெறுங்கையோடு விடக்கூடாது என்றுதான், அடிக்கடி சீக்கில் விழுகிற பிள்ளைகளை அவளுக்குத் தத்துக் கொடுத்து, அவள் பிள்ளையாக ஆக்கிவிட்டு, மூன்று கை தவிட்டுக்குத் திரும்ப வாங்கிக்கொண்டு போகிற வழக்கம் அங்கே வந்தது. தவிட்டுக்கு வாங்கிய பிள்ளையை எந்த நோயும் மதித்துத் தொடாது என்று நம்பிக்கை.

அம்பத்தூரில் மூன்றாவது மாடியில் குடியிருந்த வான்மதிக்கு அது ஏழாவது கோயில். அவள் மகள் மின்னொளி ஏழாம் மாதத்திலேயே அவசரப்பட்டுப் பிறந்து, நாற்பத்து மூன்று நாள் ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது, பெட்டியின் வட்ட ஓட்டை வழியாக ஒரே ஒரு விரலை உள்ளே விட்டு அதை மகள் பிடித்துக்கொள்ள, இவள் பிழைத்தால் ஒன்பது பழைய கோயில்களுக்கு என் இடுப்பிலேயே தூக்கிக்கொண்டு வருகிறேன் என்று நின்ற இடத்தில் வேண்டிக்கொண்டாள். பிள்ளை பிழைத்தது. பெட்டியிலிருந்து வாங்கிய அன்றைக்கு இடுப்பில் ஏற்றியவள்தான், பதினாறு மாதமாகியும் இறக்கவில்லை. தரையில் விட்டால் எறும்பு இருக்கும், தூசி இருக்கும், குளிர் ஏறும், கண்ணுக்குத் தெரியாத என்னென்னவோ இருக்கும். மின்னுவின் உள்ளங்கால்கள் அப்போதுதான் பிசைந்த மாவு மாதிரி இருந்தன. நடையும் வரவில்லை, பேச்சும் வரவில்லை. "எல்லாம் நல்லாத்தான் இருக்கும்மா, கொஞ்சம் கீழ விடுங்க" என்று டாக்டர் சொன்னதில் முதல் பாதி மட்டும் வான்மதியின் காதில் விழுந்தது.

அவள் புருஷன் தணிகைவேல் லிஃப்ட் பழுது பார்க்கிறவன், எதையும் கிலோவில் யோசிக்கிறவன். ஃபிளாஸ்க், டயப்பர், கொசுவலை, ஓட்ஸ் டப்பா, மாற்றுத்துணி என்று பிள்ளையைவிடக் கனமான பையைத் தூக்கிக்கொண்டு கோயில் கோயிலாக அவள் பின்னால் நடந்தான். ஆசையாக வாங்கிய தள்ளுவண்டி முதல் கோயிலின் முழங்கால் உயர நிலைப்படியிலேயே சக்கரம் கழன்று போயிருந்தது. "அந்தக் காலத்து ராஜாவுக்குப் பிள்ளைகுட்டியே கிடையாதாடி? இப்படியா படி வைப்பான்!" என்று அன்றைக்குப் புலம்பியவன், ஏழாவது கோயிலுக்குள் அந்த நிலைப்படியைவிட ஒரு சாண் உயரமான நிலைப்படியைத் தாண்டி நுழைந்தபோது மணி பதினொன்றே முக்கால்.

"சீக்கிரம் வாங்கோ, நடை சாத்தப் போறேன். தவிடு எங்கே?" என்றார் சாமிநாத குருக்கள்.

"நீங்களே குடுப்பீங்கன்னு நெனச்சேன் சாமி."

"மாட்டுக்கு வெச்சிருந்ததும் காலம்பறதான் தீர்ந்தது. தத்து வாங்க வர்றவா தவிடு இல்லாமலா வருவா?"

தணிகைவேல் பையைக் கிளறி டப்பாவை எடுத்தான். "ஓட்ஸ் இருக்கு சாமி. இதுவும் தானியம்தான், மாவும் தோலுமா இருக்கும்."

குருக்கள் டப்பாவைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், நாயகியைப் பார்த்தார். "சரி, போடுங்கோ. வெளிநாட்டுத் தவிடு எப்படின்னு அவளும் பார்க்கட்டும்."

வான்மதி பிள்ளையைச் சந்நிதிப் படிக்கு உள்ளே கல்லில் உட்கார வைத்தாள், சொல்லவேண்டியதை, "உன் பிள்ளை தாயே, நீயே வெச்சுக்க" என்று சொன்னாள், குருக்கள், "இந்தப் பிள்ளை யாருக்கு வேணும்?" என்று மூன்று தடவை கேட்டார், தணிகைவேல், "எங்களுக்கு வேணும், தவிட்டுக்கு வாங்கிக்கறோம்" என்று மூன்று கை ஓட்ஸை முறத்தில் போட்டு, பிள்ளையைத் தூக்கி அவள் இடுப்பில் வைத்தான். அவ்வளவுதான் சடங்கு.

திரும்பி நடந்தார்கள். உள் பிரகாரத்தில் மின்னு பூக்கூடை மாதிரி இருந்தாள். கொடிமரம் தாண்டியதும் தண்ணீர்க் குடம் மாதிரி இருந்தாள். யானை கட்டியிருந்த மண்டபத்தைத் தாண்டியதும் ஆட்டுக்கல் மாதிரி இருந்தாள். கோபுரத்து நிழலுக்குள் காலெடுத்து வைத்தபோது நெல்மூட்டை மாதிரி இருந்தாள், நிலைப்படிக்கு ஒரு முழம் இருக்கையில் கோயில் தூண் ஒன்றையே இடுப்பில் வைத்ததுபோல் ஆகி வான்மதியின் முழங்கால் மடிந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அந்தக் கனம் கீழே இழுக்கவில்லை, கோயிலின் உள்பக்கமாக இழுத்தது என்பதை அவள் வெகுநாள் கழித்துத்தான் நினைத்துப் பார்த்தாள். பிள்ளைக்கு ஒன்றுமில்லை, தாலிச் சங்கிலியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டு சிரித்தது.

"என்ன மதி, எட்டு கிலோவைப் போயி..." என்று வாங்கிய தணிகைவேலும் பக்கத்தில் உட்கார்ந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "எங்க லிஃப்டா இருந்தா இந்நேரம் ஓவர்லோடுன்னு மணி அடிச்சிருக்கும்."

சாவிக்கொத்தோடு வந்த குருக்கள் இருவரையும் பார்த்தார். "கனக்கறதோ?"

"ஆமா சாமி."

"உள்ள வந்தா?"

எழுந்து நான்கு அடி உள்ளே நடந்து பார்த்தாள், குறைந்தது.

"அப்போ அவள் இன்னும் விடல" என்றார் குருக்கள், மழை வரும்போலிருக்கிறது என்று சொல்கிற குரலில். "நாலு மணிக்கு நடை திறப்பேன். அதுவரைக்கும் யானை மண்டபத்துல இருங்கோ, அங்கதான் காத்து வரும்."

சாயங்காலத்துக்குள் தணிகைவேல் ரைஸ்மில்லுக்குப் போய் நிஜத் தவிடு கொண்டுவந்தான். மூன்று கை போட்டார்கள், விடவில்லை. முறம் நிறையப் போட்டார்கள், விடவில்லை. மூட்டையோடு சந்நிதி வாசலில் கவிழ்த்தார்கள், அதை யானை குமுதவல்லி இரண்டு நாள் ருசித்துத் தின்றது, நாயகி விடவில்லை. நெல்லுக்கடைச் சுமையாட்கள் எட்டுப்பேர் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து, தொழில் கௌரவத்தை நிலைப்படியருகே விட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். நூறு வருஷமாகத் திறக்காத வடக்கு வாசலைத் திறந்து பார்த்தார்கள். அங்கேயும் அதே கனம். பாகன் சடையன் பிள்ளையைக் குமுதவல்லியின் கழுத்தில் வைத்துத் தானும் பின்னால் உட்கார்ந்து ஓட்டிவந்தான். தேரைப் பின்னாலிருந்து நெற்றியால் தள்ளுகிற யானை அது, கோபுர நிழல் வந்ததும் நின்று, முன்னங்கால் இரண்டையும் மடித்து, பெருமூச்சு விட்டு, இதற்குமேல் என்னால் ஆகாது என்று காதை மடக்கிக்கொண்டது. கடைசியில் தணிகைவேல் லாரி ஷெட்டிலிருந்து சங்கிலிக் கப்பி வாங்கிவந்து கோபுரத்து வாசலில் மாட்டித் தூளி கட்டினான். பிள்ளை தூளியில் ஆடிக்கொண்டிருக்க, சங்கிலி மட்டும் முனகி, கண்ணி கண்ணியாக நீளத் தொடங்கியதும் வான்மதி, "வேணாங்க, அவிழ்த்துடுங்க" என்றாள். மேலே தூக்குவதையே தொழிலாக வைத்திருந்தவன் அன்றைக்குக் கப்பிக்குக் கீழே உட்கார்ந்து நீண்டுபோன கண்ணிகளை ஒவ்வொன்றாக எண்ணினான்.

மூன்றாம் நாள் செயல் அலுவலர் குணாளன் ஃபைலோடு வந்தார். அதட்டத் தெரியாத மனுஷர், எல்லாவற்றுக்கும் விதி தேடுகிறவர். நடை சாத்தியபின் பக்தர்கள் யாரும் உள்ளே தங்கக்கூடாது, ஆனால் இவர்கள் பக்தர்கள் வகையில் வருகிறார்களா என்பதே அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

"கோயில்ல உயிரோட இருக்கறதுக்கு ரெண்டே விதிதாம்மா இருக்கு. ஒண்ணு பசு, ஒண்ணு யானை. பசுன்னு எழுதினா ஏலம் விட இடமிருக்கு, அது வேணாம். யானைன்னே வெச்சுக்குவோம்" என்றார்.

அப்படித்தான் மின்னொளி யானை விதியின் கீழ் வந்தாள். அந்த விதிப்படி அவளுக்குக் காலையும் மாலையும் குளியல் உண்டு, பிரகாரத்தைச் சுற்றி ஒரு நடை உண்டு, பக்தர்கள் கொடுக்கிற எதையும் கண்டபடி ஊட்டக்கூடாது, பதினைந்து நாளுக்கொரு தரம் கால்நடை டாக்டர் வந்து பார்ப்பார், கூடவே தங்க ஒரு பாகனுக்கு அனுமதி உண்டு. வான்மதியின் கழுத்தில் 'பாகன் (தற்காலிகம்)' என்று அட்டை தொங்கியது. கால்நடை டாக்டர் குமுதவல்லியின் நகத்தைப் பார்த்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு மின்னுவின் வாயைத் திறந்து பார்த்து, "தந்தம் நாலு வந்துருக்கு, நல்ல உறுதி" என்று எழுதிக்கொடுத்தார்.

தணிகைவேல் வேலைக்குத் திரும்பவேண்டியிருந்தது. சனிக்கிழமைதோறும் வருவான், திங்கள் முதல் பஸ்ஸில் போவான். போகும்போதெல்லாம் வான்மதி நிலைப்படிவரைக்கும் நடந்து கனத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிடுவாள். "வீட்டுக்குப் போகணுங்க" என்பாள். வேறெதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. மூன்றாவது மாடி, சத்தம் போடுகிற மின்விசிறி, ஜன்னலில் மகளுக்குக் காட்டும் ரயில், அவ்வளவுதான். மற்ற பெண்கள் ஒரு கையில் பிரசாதமும் மறு கையில் பிள்ளையுமாக அந்த நிலைப்படியைச் சர்வசாதாரணமாகத் தாண்டிப்போவதை, பசித்தவள் இலையைப் பார்ப்பதுபோல் பார்ப்பாள்.

ஊர் அப்படி உட்கார்ந்துவிடவில்லை. ஒரு குழந்தை வந்து தங்கிவிட்ட வீட்டில் என்ன நடக்குமோ அது கோயிலில் நடந்தது. பத்தரை மணிக்குப் பாப்பா தூங்கும் என்று தெரிந்ததும் மணியின் நாக்குக்குத் துணி சுற்றினார்கள். உச்சிக்காலத்து நாதஸ்வரக்காரர் அந்த ஒரு வேளைக்கு மட்டும் தன் மனைவியிடம் பேசுவதைவிட மெதுவாக வாசித்தார். தூண் மண்டபத்தில் இரண்டு யாளிகளுக்கு நடுவே நாயகியின் பழைய பட்டுப்புடவை தூளியாயிற்று. வெயிலில் கொதிக்கிற கல்லில் பிள்ளையைத் தூக்கி நடக்கிறவளுக்குக் கால் பொறுக்காதே என்று தென்னைநார் மிதியடிகளை நனைத்து வரிசையாக விரித்தார்கள், அதில் நடந்த பக்தர்கள் எல்லோரும் இத்தனை வருஷமாக ஏன் இது நமக்குத் தோன்றவில்லை என்று கேட்டுக்கொண்டார்கள். தேர்முட்டி டீக்கடையில் சர்க்கரை போடாத பால் எந்நேரமும் இளஞ்சூட்டில் இருந்தது. டயப்பர் தீர்ந்துபோய்ப் பிரகாரத்துக் கல்லிலேயே பிள்ளை ஈரம் பண்ணிய அன்றைக்கு வான்மதி பதறி முந்தானையால் துடைக்கக் குனிந்தாள், குருக்கள் எட்டிப் பார்த்து, "அபிஷேகத் தண்ணி போற வாட்டத்துலதானே போறது? போகட்டும். அவ வீட்டுக் குழந்தை" என்றுவிட்டு அவரே ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினார்.

செய்தி பரவியது. யாரும் அதை அதிசயம் என்று பேசவில்லை, 'அங்கே ஒரு குழந்தை இருக்கிறது' என்றுதான் பேசினார்கள். கைக்குழந்தைக்காரர்கள் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. வெயில், கூட்டம், பசியாற்ற மறைவிடம் இல்லை, அழுதால் நாலுபேர் திரும்பிப் பார்ப்பார்கள் என்று இரண்டு மூன்று வருஷமாகக் கோயில்பக்கமே போகாமலிருந்த தாய்மார்கள் எல்லாம், பட்டுக்கோட்டையிலிருந்தும் மன்னார்குடியிலிருந்தும் துணிப்பையும் பால்புட்டியுமாக வந்து இறங்கினார்கள். தூண் மண்டபத்தில் தூளிகள் பெருகின. யாளியின் தும்பிக்கையில் ஒரு பிள்ளை தொங்கும், துவாரபாலகரின் கால் கட்டைவிரலை ஒன்று கடிக்கும், ஒன்று அழுதால் ஒன்பதும் அழும், அதற்கு நடுவே சந்நிதியில் தீபாராதனை நடக்கும். வெளிநாட்டுக்காரர்களைக் கூட்டிவருகிற வழிகாட்டி சுகுமார், தூண்களைக் காட்டி, "இது பத்தாம் நூற்றாண்டு, அது பதினோராம் நூற்றாண்டு" என்று சொல்லிக்கொண்டே வந்து, வான்மதியின் இடுப்பைக் காட்டி, "இது பதினாறு மாசம்" என்று அதே குரலில் சொல்லிவிட்டுக் கடந்துபோனான்.

ஆனால் ஒன்று. அத்தனை பிள்ளைகளும் கல்லில் தவழ்ந்தும் உருண்டும் கிடந்தன, மின்னு மட்டும் இடுப்பிலேயே இருந்தாள். வான்மதி துணி அலசப்போகிற பொழுதில் பவுனம்மா பிள்ளையை வாங்கி, யானை மண்டபத்தில் மிதியடிமேல் நிறுத்திவிடுவாள். மின்னு குமுதவல்லியின் கால் நகத்தைப் பிடித்துக்கொண்டு, தூண் பக்கத்தில் முளைத்த இன்னொரு சின்னத் தூண் மாதிரி ஆடி ஆடி நிற்பாள். யானை அந்த நேரம் முழுக்கக் காலை மாற்றி வைக்காது. வான்மதி ஈரக்கையோடு ஓடிவருவாள்.

"ஐயோ அக்கா, கீழ விடாதீங்கன்னு எத்தன தரம் சொல்றது!"

"கீழன்னா பாதாளமாடி? தரைதானே. கால் எதுக்குக் குடுத்திருக்கு, மெட்டி போடவா?"

"அவ மத்த பிள்ளைங்க மாதிரி இல்லக்கா. உங்களுக்குத் தெரியாது."

"எங்களுக்கு என்ன தெரியும், நாங்க பூ கட்டறவங்க" என்று பவுனம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். சாயங்காலம் அவளே வந்து பிள்ளைத் தலையில் இரண்டு கண்ணி மல்லிகை வைத்துவிட்டுப் போவாள்.

ஆடி மாதத்துக் கடைசிச் செவ்வாயன்று பாலபிஷேகம் நடந்துகொண்டிருந்தபோது, தாயின் தோளுக்கு மேலே எட்டிச் சந்நிதிக்குள் பார்த்துக்கொண்டிருந்த மின்னு, கையை அந்தப் பக்கம் நீட்டி, தெளிவாக, ஊரெல்லாம் கேட்கும்படி, "அம்மா" என்றாள்.

கோயிலே கொண்டாடியது. மேளக்காரர் கேட்காமலே கெட்டிமேளம் கொட்டினார், குணாளன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மடப்பள்ளியில் இன்னொரு தவலை சர்க்கரைப் பொங்கல் ஏறியது. எல்லோரும் வந்து வான்மதியின் கையைப் பிடித்துக்கொண்டு பிள்ளை பேசிவிட்டதே என்றார்கள். அவள் சிரித்தாள். பதினேழு மாதம் காத்திருந்த சொல், அவள் காதோரமாகத்தான் போனது, ஆனால் அவளுக்கு இல்லை.

"யாரப் பார்த்துக் கூப்பிட்டா தெரியுமா?" என்று போனில் தணிகைவேலிடம் அழுதாள். "இனிமே நான் பாகன் மட்டும்தாங்க. அட்டையிலகூட அப்படித்தான் போட்டிருக்கு."

"பைத்தியம் மாதிரிப் பேசாத மதி" என்றவன், என்ன சொல்லித் தேற்றுவது என்று தெரியாமல், தத்துக் கொடுத்த அன்றைக்குச் சட்டைப்பையில் செருகியிருந்த கைபேசியில் குருக்களுக்குத் தெரியாமல் எடுத்த வீடியோவை அனுப்பினான். "பாரு, உன் மூஞ்சியையே பார்த்துட்டு எப்படி உட்கார்ந்திருக்கா பாரு."

மறுநாள் காலை, தூளி ஆட்டிக்கொண்டே அதைப் பார்த்தாள். மகள் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், அது நிஜம். ஆனால் வான்மதியின் கண் அங்கே நிற்கவில்லை. படத்தின் ஓரத்தில், 'உன் பிள்ளை தாயே, நீயே வெச்சுக்க' என்று அவள் குரல் கேட்கிறபோது, அவளுடைய வலது கை பிள்ளையின் கவுன் ஓரத்தை இரண்டு விரலில் சுற்றிப் பிடித்திருந்தது. குருக்கள் ஒரு தரம் கேட்கிறார், பிடி விடவில்லை. இரண்டாம் தரம், மூன்றாம் தரம். தணிகைவேலின் கைகள் வந்து தூக்குகிறவரைக்கும், தூக்கி அவள் இடுப்பில் வைக்கிறவரைக்கும், அந்த இரண்டு விரல் அவிழவேயில்லை. கொடுக்கிறேன் என்று வாய் சொல்லிக்கொண்டிருக்கக் கை பிடித்துக்கொண்டிருந்தது அவளுக்கே தெரியாது.

திரும்பத் திரும்பப் பார்த்தாள். தவிட்டிலும் குற்றமில்லை, ஓட்ஸிலும் குற்றமில்லை என்று புரிந்தது. கொடுக்காததை எதைக் கொடுத்தும் வாங்க முடியாது. அந்தக் கனம் உள்பக்கமாக இழுத்தது ஞாபகம் வந்தது. ஒரு பிள்ளையை இரண்டு பெண்கள் ஆளுக்கொரு பக்கம் விடாமல் பிடித்துக்கொண்டால் எவ்வளவு கனக்குமோ அவ்வளவுதான் கனத்தது. இவள் பிடியை விட்டால் அவள் விடுவாளா, இல்லை மொத்தமாகவே வைத்துக்கொள்வாளா என்று மட்டும் தெரியவில்லை. அந்த ஒரு சந்தேகத்தோடு அவள் மூன்று நாள் சோறு இறங்காமல் இருந்தாள்.

சனிக்கிழமை காலை, தூறல் விட்டும் விடாமலும் இருக்கையில், தணிகைவேல் வந்து பையை இறக்கி வைத்தான். வான்மதி குளித்து, பிள்ளையைக் குளிப்பாட்டி, கழுத்து அட்டையைக் கழற்றிச் சடையன் கையில் கொடுத்தாள். நேரே சந்நிதிக்குப் போனாள்.

"தவிடு கொண்டுவந்திருக்கேளா?" என்றார் குருக்கள்.

"இல்ல சாமி. இன்னிக்கு வாங்க வரல."

பிள்ளையைப் படிக்கு உள்ளே கல்லில் உட்கார வைத்தாள். கவுனிலிருந்து கையை எடுத்தாள். விரல்களை, வேறு யாருடையதையோ பிரிப்பதுபோல, இடது கையால் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். "உன் பிள்ளை தாயே" என்றாள். மீதியை இந்தத் தடவை கை சொன்னது. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு எழுந்து, திரும்பிப் பார்க்காமல், கொடிமரம் தாண்டி, யானை மண்டபம் தாண்டி, கோபுர நிழல் தாண்டி நடந்தாள். முழங்காலுக்கு மேலே ஒரு சாண் உயரமிருந்த நிலைப்படியை வெறுங்கையோடு தாண்டி, வெளியே ஈரக்கல்லில், கோயிலைப் பார்த்து உட்கார்ந்தாள். ஒன்றரை மாதத்துக்கப்புறம் அவள்மேல் வெளி மழை விழுந்தது.

உள்ளேயிருந்து அழுகை வந்தது.

"பிள்ளை அழுவுதுடி!" என்று பவுனம்மா பூக்கூடையைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

"அழட்டும்க்கா. யாரும் தூக்காதீங்க. உங்க கால்ல விழறேன், யாரும் தூக்காதீங்க."

தணிகைவேல் கொடிமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான், பிடிக்காவிட்டால் ஓடிப்போய்த் தூக்கிவிடுவோம் என்று. நாதஸ்வரம் நின்றது. தூண் மண்டபத்துத் தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளின் வாயைப் பொத்தினார்கள். மின்னு கொஞ்ச நேரம் அழுதாள், யாரும் வராததால் கொஞ்ச நேரம் யோசித்தாள், பிறகு படியில் குப்புற இறங்கித் தவழ்ந்தாள். அவள் தவழ்ந்து அதுவரைக்கும் யாரும் பார்த்ததில்லை. ஈர மிதியடிகளின் வரிசை அவளைக் கொடிமரத்துக்குக் கொண்டுவந்தது, அப்பாவின் வேட்டியைத் தாண்டிப் போனாள், யானை மண்டபத்துக்குக் கொண்டுவந்தது. அங்கே குமுதவல்லியின் நகத்தைப் பிடித்து எழுந்து நின்றாள். கோபுர வாசலுக்கு அப்பால் அம்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். நகத்தை விட்டாள்.

ஓர் அடி. இன்னோர் அடி. மூன்றாவதில் விழுந்தாள், ஊரே 'ஸ்ஸ்' என்றது, எழுந்தாள். கோபுர நிழலுக்குள் வந்தாள். இத்தனை நாளும் நெல்மூட்டையாகவும் தூணாகவும் கனத்த இடத்தில், தன்னுடைய எட்டு கிலோவைத் தானே தூக்கிக்கொண்டு, இரண்டு கையையும் கொக்கு மாதிரி விரித்து நடந்தாள். நிலைப்படி அவள் மார்புக்கு மேலே இருந்தது. அதைக் கட்டிப்பிடித்து, வயிற்றை அதன்மேல் போட்டு, ஒரு காலை ஏற்றி, மூச்சுமுட்ட உந்தி, குதிரையில் உட்கார்வதுபோல் அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். அங்கிருந்து திரும்பி உள்ளே பார்த்தாள். தூரத்தில், இருட்டுக்குள், விளக்கு வெளிச்சத்தில் இடுப்பைச் சாய்த்து ஒருத்தி நின்றாள். மின்னு கையை மேலும் கீழும் ஆட்டி, ஊருக்குப் போகிற பிள்ளைகள் எல்லோரும் செய்கிற மாதிரி, டாட்டா காட்டினாள்.

பிறகு இந்தப் பக்கம் வழுக்கி இறங்கி, நான்கு அடி நடந்து, வான்மதியின் முழங்காலில் கையை ஊன்றி நின்று, அவள் முகத்தைப் பார்த்து, "அம்மா" என்றாள்.

வான்மதி அள்ளிக்கொண்டாள். "ஏங்க" என்று கூப்பிட்டாள், "பிடிச்சுப் பாருங்க." ஓடிவந்தவன் வாங்கி, ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, தொழில்முறையில் சொன்னான்: "எட்டு கிலோ. மிஞ்சினா இருநூறு கிராம் கூட."

"பொங்கல்" என்றாள் பவுனம்மா.

குணாளன் அவர்கள் பெயரை யானை விதியிலிருந்து எடுத்துவிட்டார், ஆனால் மற்ற எதையும் எடுக்க அவருக்கு மனம் வரவில்லை. தூளிகள் இருக்கின்றன, நனைத்த மிதியடிகள் இருக்கின்றன, தேர்முட்டியில் சர்க்கரை போடாத பால் இருக்கிறது, பத்தரை மணிக்கு மணியின் நாக்குக்கு இன்றும் துணி சுற்றுகிறார்கள். நிலைப்படிக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரு சாண் உயரத்தில் சின்னப் படி ஒன்று போட்டிருக்கிறார்கள்; பெரியவர்கள் யாரும் அதில் கால் வைப்பதில்லை. எட்டாவது கோயிலுக்கும் ஒன்பதாவது கோயிலுக்கும் மின்னு தன் காலிலேயே போனாள், இடுப்பிலேயே கொண்டுவருகிறேன் என்ற வேண்டுதல் தப்பிப்போனதற்கு எந்தச் சாமியும் கோபித்துக்கொள்ளவில்லை.

அம்பத்தூர் பஸ் நிறுத்தத்தில் ஒரு நாள், காய்கறிப் பையை வலது கையில் வைத்துக்கொண்டு வான்மதி நின்றிருந்தாள். மின்னு நான்கு அடி தள்ளி, நாய்க்குட்டி ஒன்றிடம் எதையோ கண்டித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். எதிர்க்கடைக் கண்ணாடியில் வான்மதி தன்னைப் பார்த்தாள். இடது இடுப்பு வெளியே தள்ளியிருந்தது. இடது கை அந்த இடுப்பைச் சுற்றி அணைவாக வளைந்திருந்தது. நடுவில் யாரும் இல்லை. நிமிர்ந்து நிற்கப் பார்த்தாள், உடம்பு கேட்கவில்லை. ஒன்றரை வருஷத்து வளைவு.

காத்திருக்கிறாள் என்று பவுனக்கா சொன்னது தப்பு, சிற்பியைப் படைக்குக் கூட்டிப்போனார்கள் என்பதும் தப்பு என்று அவளுக்குத் தோன்றியது. அவன் பார்த்ததைப் பார்த்தபடிதான் செதுக்கியிருக்கிறான். பிள்ளை இப்போதுதான் இறங்கிப் போயிருக்கிறது.